பச்சைக் கண் மூடுகிற இடம்

எங்கள் தெருவுக்கு ரேடியோ வந்து நாலு மாதம் வரை அதை யாரும் கேட்கவில்லை. பார்த்தோம். விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கிற வரை நாற்பத்திரண்டு தறிகள் டக்கட டக்கடவென்று அடித்துக்கொள்கிற தெரு அது. பேசுகிறவர் வாய் அசைவதைப் பார்த்துத்தான் பாதிப் பேச்சைப் புரிந்துகொள்வோம். அருப்புக்கோட்டையில் மற்றத் தெருக்காரர்கள் எங்களைக் கத்திப் பேசுகிறவர்கள் என்பார்கள். கத்தாமல் என்ன செய்வது.

வாங்கியவர் நாகசுப்பிரமணியன். பத்து வீட்டுத் தறிக்கு நூல் கொடுத்துச் சேலை வாங்குகிறவர். தெருவில் கரண்டு இழுத்த முதல் வீடும் அவருடையதுதான். விற்றவர் பஜாரில் சைக்கிள் கடை வைத்திருந்த ஜோதிலிங்கம். யுத்தம் முடிந்து மூன்றாம் வருஷம், சைக்கிளோடு ரேடியோப் பெட்டியும் கடைக்கு வர ஆரம்பித்திருந்தது. அவர்கள் பேசி முடித்த அன்றைக்கு விளக்குத் திரி வாங்குகிற சாக்கில் நானும் அந்தக் கடை வாசலில் நின்றிருந்தேன். அதனால்தான் இவ்வளவு சொல்ல முடிகிறது.

"மொதலாளி, ரேடியோ விருதுநகர்ல கிடைக்கும், மதுரையில கிடைக்கும். கண்ணு வச்ச ரேடியோ எங்க கிடைக்கும்? இங்க பாருங்க" என்று ஜோதிலிங்கம் ஒரு திருகைத் திருகினார். பெட்டியின் நெற்றியில் காலணா அளவு வட்டம் ஒன்று பச்சையாக எரிந்தது. நடுவில் கறுப்பாக ஒரு பிளவு. இன்னொரு திருகைத் திருகியதும் அந்தப் பிளவு சுருங்கிச் சுருங்கி ஒட்டிக்கொண்டது. வெயிலில் படுத்திருக்கிற பூனை கண்ணைச் சுருக்குமே, அந்த மாதிரி.

"கண்ணு மூடுற எடத்துல நிறுத்துங்க. அதுதான் ஸ்டேசன். காதே வேண்டாம்."

"சத்தம் எப்படி இருக்கும்?"

"சத்தம் எல்லாப் பெட்டியிலயும் வரும் மொதலாளி, அத விடுங்க. இந்தக் கண்ணாடியப் பாருங்க, நாப்பது ஊரு பேரு எழுதியிருக்கு, பின்னால விளக்கு எரியுது. ராத்திரி தீப்பெட்டி தேட வேண்டாம். மூலைய வளைச்சு விட்டிருக்கான், வீட்டம்மா சேலை மாட்டாது. அடியில ரப்பர் காலு. இந்தத் திருகு இருக்கே, இந்தப் பக்கம் வச்சா ஆம்பளக் கொரலு, அந்தப் பக்கம் வச்சா பொம்பளக் கொரலு."

நாகசுப்பிரமணியன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பெட்டியின் முன்பக்கம் இழுத்துக் கட்டியிருந்த துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். "அறுபதாம் நம்பர் நூலு. நெருக்கமா அடிச்சிருக்கான்" என்றார். வியாபாரம் முடிந்துவிட்டது.

பெட்டியோடு ஒரு சுருள் கம்பியும் வந்தது. ஜோதிலிங்கத்தின் கடை ஆள் அதை நாகசுப்பிரமணியன் வீட்டு மச்சிலிருந்து எங்கள் கொல்லைப் புளியமரம் வரைக்கும் இழுத்துக் கட்டிவிட்டுப் போனான். அது எதற்கென்று ஜோதிலிங்கம் சொல்லவில்லை. இனாமாக வந்த சாமானைப் பற்றி நாங்களும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து சாயந்தரம் சாயந்தரம் கண் காட்டுகிற வைபவம். நாகசுப்பிரமணியன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, நின்றபடி திருகுவார். அவருக்கு மிகவும் பிடித்த இடம் கொழும்பு. அங்கேதான் கண் மிச்சமில்லாமல் மூடும். மற்ற இடங்களில் முக்கால் மூடும், அரைக்கால் மூடும், அவற்றை எல்லாம் அவர் ஸ்டேஷன் என்றே ஒத்துக்கொள்வதில்லை. "தூக்கம் வராத ஸ்டேசன்" என்று சொல்லிக் கடந்துவிடுவார். கொழும்பில் என்ன பாடினார்கள், என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. வாசலுக்கு வெளியே தறி அடித்துக்கொண்டிருக்கும். கண் மூடுவதைப் பார்த்துவிட்டு, "மூடிருச்சுப்பா" என்று கலைந்து போவோம். கைப்பிள்ளைக்காரிகள் மட்டும் பிள்ளையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு வருவார்கள். பச்சைக் கண் பட்டால் பால் குடிக்காது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நான் சொல்லவில்லை.

நாகசுப்பிரமணியன் மனைவி பாலாமணி அந்தக் கண்ணுக்கு மேலே ஒரு துண்டைப் போட்டு வைத்திருந்தாள். "சேலை மாத்தக்கூட விடமாட்டேங்குது. கட்டுன மனுசன் பத்து வருசத்துல இப்படிப் பாத்ததில்ல" என்றாள்.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அப்பய்யா வீட்டுக்குக் கார்டு வந்தது. அப்பய்யா எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு. நெசவில் கெட்டிக்காரர், வாயில் சிக்கனக்காரர். மகள் போடுகிற கார்டை அவர் தொட மாட்டார் என்று தபால்காரருக்கும் தெரியும். அவர் மனைவி ராமலட்சுமிக்கோ படிக்கத் தெரியாது. ஆகவே தபால்காரர் வாசலில் நின்று தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் படித்தார். எங்கள் தெருவில் ரகசியம் தங்காததற்கு என்னைக் குறை சொல்கிறவர்கள் தறியைத்தான் குறை சொல்ல வேண்டும்.

எழுதியிருந்தது மகள் வெங்கடலட்சுமி. வருகிற வெள்ளிக்கிழமை சாயந்தரம் ஐந்தே முக்காலுக்குத் திருச்சி ரேடியோவில் பத்து நிமிஷம் பாடுகிறேன். நாகசுப்பிரமணியன் மாமா வீட்டில் ரேடியோ இருப்பதாகக் கேள்விப்பட்டேன். கடைசியாக என்ன பாட்டுப் பாடினேன் என்று அப்பா ஒரு கார்டில் எழுதிப் போடட்டும். போட்டால் பங்குனிப் பொங்கலுக்குப் பேரனைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். போடாவிட்டால் கேட்க இஷ்டமில்லை என்று வைத்துக்கொள்கிறேன். இனிமேல் நானும் எழுதித் தொந்தரவு செய்யவில்லை.

விஷயம் இதுதான். அந்தப் பெண்ணைப் பொன்மலையில் ரயில்வே குமாஸ்தா ஒருவருக்குக் கொடுத்திருந்தார்கள். அங்கே போய் முறையாகப் பாட்டுக் கற்றுக்கொண்டு, ஏதோ ஒரு பந்தலில் நாலு பேருக்கு முன்னால் பாடிவிட்டாள். அதைக் கேள்விப்பட்டு அப்பய்யா, 'பந்தலில் பாடுகிறவளுக்கு அப்பன் வீடு எதற்கு' என்று ஒரு கார்டு போட்டார். அதுதான் அவர் அவளுக்கு எழுதிய கடைசி எழுத்து. அப்புறம் இரண்டரை வருஷம். பேரன் பிறந்து, தவழ்ந்து, நடந்துவிட்டான். ராமலட்சுமி மூன்று தடவை மூட்டை கட்டி மூன்று தடவை அவிழ்த்தாள். பிள்ளையை இவர்கள் பார்த்ததில்லை.

தபால்காரர் போன பிறகு அப்பய்யாவின் தறி கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு நின்றது. ஓடியது. மறுபடியும் நின்றது. இழை அறுந்துகொண்டே இருந்திருக்கிறது. இருபது வருஷமாக அந்தத் தறி ஓடுவதைக் கேட்கிறேன், இப்படிக் கேட்டதில்லை.

புதன்கிழமை அப்பய்யா மூன்று தடவை நாகசுப்பிரமணியன் வீட்டு வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார். ஒரு தடவை நூலைப் பற்றி ஏதோ கேட்டார். ஒரு தடவை ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் தடவை நாகசுப்பிரமணியனே வெளியே வந்துவிட்டார்.

"என்னண்ணே, உள்ள வாங்க. பாப்பா பாட்டு கேக்கணும், அவ்வளவுதான? ஏழு ஊரு சனம் கேக்க வாரேங்குது, நீங்க கேக்க மாட்டீகளா?"

"தம்பி, திருச்சி அந்தப் பெட்டியில இருக்கா?"

"லண்டனே இருக்குண்ணே."

அப்பய்யா அந்தக் கண்ணாடியில் இங்கிலீஷில் எழுதியிருந்த நாற்பது ஊரையும் நாகசுப்பிரமணியன் மகனைவிட்டு ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னாராம். அதில் திருச்சி இல்லை. அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை என்று ராமலட்சுமி சொன்னாள். நானாகக் கேட்கவில்லை, அவளாகச் சொன்னது.

வியாழக்கிழமை ஜோதிலிங்கத்தின் கடைக்கே போய்விட்டார்.

"பேரு எழுதலேன்னா என்ன அண்ணாச்சி, கண்ணு பாத்துக்கிரும்" என்று ஜோதிலிங்கம் சொல்லி அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து அப்பய்யா தறியில் உட்காரவே இல்லை. தெரு முனைக்குப் போவார், பஸ் நிற்கிற இடத்துக் கடிகாரத்தைப் பார்ப்பார், வருவார். ராமலட்சுமி தலைக்குக் குளித்து, மகளையே பார்க்கப் போகிறவள்போல் பட்டுச் சேலை கட்டியிருந்தாள். "கேக்குறதுக்கு எதுக்குடி பட்டு?" என்று பாலாமணி கேட்டாளாம். "அது கண்ணு வச்ச பெட்டிதான?" என்று இவள் பதில் சொன்னாளாம்.

ஐந்தே கால் வாக்கில் அப்பய்யா வீடு வீடாக ஏற ஆரம்பித்தார். தறியை நிறுத்தச் சொல்லி. எங்கள் தெருவில் தறி நிற்பது இரண்டுக்குத்தான்: அமாவாசை, இல்லாவிட்டால் சாவு. உயிரோடு இருக்கிற ஒருத்திக்காக எல்லோரும் தறியை நிறுத்தியதாக எனக்கு நினைவில்லை.

"நாளைக்குச் சேலை குடுக்கணும்ப்பா" என்று ஒருவர் இழுத்தார்.

"ஒரு கால் மணி நேரம்ப்பா. எம் மக பாடுறா."

'எம் மக' என்று அவர் வாயிலிருந்து இரண்டரை வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் கேட்டேன். சேலை கொடுக்க வேண்டியவரும் கையிலிருந்த நாடாக்கட்டையைக் கீழே வைத்துவிட்டார். ஒவ்வொரு வீடாக நின்றது. கடைசித் தறியும் நின்றபோது, எங்கோ வாளி கிணற்றில் இறங்குகிற சத்தம் கேட்டது. பிள்ளைகள் பயந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டன.

நாகசுப்பிரமணியன் சலவைச் சட்டை போட்டிருந்தார். வீட்டுக்குள் முப்பது பேர், வாசலில் அதற்கு மேல். அப்பய்யா பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உட்கார முடியாமல் முழங்காலில் எழும்பி நின்றார். நாகசுப்பிரமணியன் பாக்கெட் கடிகாரத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, துண்டில் கை துடைத்துக்கொண்டு, பாலாமணி போட்டிருந்த துண்டைச் சன்னதித் திரையை விலக்குவதுபோல் விலக்கினார். திருகினார். கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சை ஏறியது.

"மொதல்ல விளக்கப் பாத்துக்கங்க. இது ஊரு பேரு. இது பொம்பளக் கொரலு, பாப்பாவுக்காகத் திருப்பி வச்சிருக்கேன்."

"தம்பி, நேரம் ஆகுது."

"இந்தா, இந்தா."

முள் நகர்ந்தது. ஒரு இடத்தில் கரகரவென்ற இரைச்சலுக்குள் யாரோ தமிழில் ஏதோ சொல்வதுபோல் இருந்தது. கண் பாதிகூட மூடவில்லை. "இது இல்ல" என்று நாகசுப்பிரமணியன் கடந்து போனார். ஒரு விசில் சத்தம். பிறகு ஹிந்தி. பிறகு சட்டென்று தெளிவாக, பக்கத்து அறையில் நின்று பாடுகிற மாதிரி, ஒரு பெண் குரல். கண் ஒரு நூல்கூட மிச்சமில்லாமல் ஒட்டிக்கொண்டது.

"மூடிருச்சு" என்றது கூட்டம்.

ராமலட்சுமி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அவளைப் பார்த்து நாலைந்து பேர் அழுதார்கள். நானும் கொஞ்சம். "கொரலு நல்லாத் தேறியிருக்கு" என்றார் ஒருவர். "சின்னதுலயே இப்படித்தான" என்றாள் பாலாமணி. அது அம்மன் பாட்டு. ஊசி மாதிரி குரல் மேலே மேலே போயிற்று. நாகசுப்பிரமணியன் பெட்டியைத் தடவிக்கொண்டு நின்றார். என்னமோ அவரே பெற்று வளர்த்த மாதிரி.

அப்பய்யா மட்டும் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"இது எம் மக இல்ல."

"என்னண்ணே இது. கண்ணு மூடியிருக்கு, பாக்குறீகள்ல?"

"இவ மூச்சு விடுற எடம் வேற. எம் மக ராட்டையில தார்க்குச்சிக்கு நூல் சுத்திக்கிட்டே பாடிப் பழகுனவ. ராட்டை ஒரு சுத்து சுத்துனாத்தான் மூச்சு விடுவா."

"ரேடியோவுல போனா எல்லாம் மாறும்ணே. கொரலே மாறும். கண்ணு மாறாது." கூட்டமும் நாகசுப்பிரமணியன் பக்கம்தான். கடைசிப் பாட்டு அம்மன் பாட்டு என்று நாளைக்கே கார்டு எழுதிப் போடுங்கள் என்றுகூட ஒருவர் யோசனை சொன்னார். 

"மணி என்ன தம்பி?"

"அஞ்சு அம்பத்தொண்ணு."

அப்பய்யா எழுந்தார். நேராகப் போய்த் திருகின் மேல் கையை வைத்தார். அந்த வீட்டில் நாகசுப்பிரமணியனைத் தவிர அதை யாரும் தொட்டதில்லை; பாலாமணிகூடத் துண்டு போடுவதோடு சரி.

"அண்ணே, கண்ணு போயிரும்ணே."

"போகட்டும்."

கண் திறந்தது. பாட்டு அறுந்தது. இரைச்சல். ஹிந்தி, விசில். இருபது வருஷம் இழை பிடித்த கை அது; முள்ளை ஒரு மயிரளவு நகர்த்தும், நிற்கும், காதைத் துணியோடு ஒட்டும், மறுபடி ஒரு மயிரளவு. கூட்டம் முணுமுணுத்தது. நாகசுப்பிரமணியன் கையைக் கொண்டு போனபோது, "சும்மா இருங்களேன்" என்று பாலாமணி அவருடைய சலவைச் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த இரைச்சலுக்கு அடியில், அடைமழையில் தூரத்து வீட்டிலிருந்து வருகிற மாதிரி, ஒரு குரல் இருந்தது. தெலுங்கு.

தெலுங்கு என்றால் நாங்கள் வீட்டுக்குள் பேசுகிற தெலுங்கு. ரேடியோவுக்குள் அது எப்படிப் போயிற்று என்று முதலில் யாருக்கும் விளங்கவில்லை. பிறகுதான் பாட்டுப் பிடிபட்டது. விடியற்காலையில் தறிக்கு ஏற்றப்போகிற பாவு நூலைத் தெரு நீளத்துக்கு நீட்டி, இரண்டு பக்கமும் நின்று கஞ்சி போட்டுக்கொண்டே பாடுவோமே, அது. ஒருவர் ஒரு அடி எடுப்பார், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். அதற்குப் பெயர் கிடையாது. ஒரு பாட்டு என்றே நாங்கள் அதை நினைத்ததில்லை. அதை அந்தப் பெண் திருச்சியில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தாள். ராட்டை ஒரு சுற்று சுற்றுகிற நேரம், அப்புறம் மூச்சு.

ராமலட்சுமியின் அழுகை நின்றுவிட்டது. வாசலில் நின்ற பெண்களின் உதடு அசைந்தது. சத்தம் வராமல்தான்.

இந்த நேரம் பார்த்துத்தான் அடுத்த தெரு சங்கரலிங்கம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். தறிச் சத்தம் நின்றதும் மனிதர் கிளம்பிவிட்டார். கூட்டத்தைக் கண்டதும் சந்தேகமே இல்லை. ராமலட்சுமியின் ஈர முகத்தைப் பார்த்தார், அப்பய்யா பெட்டியில் தலை சாய்த்திருப்பதைப் பார்த்தார், பக்கத்தில் நின்றவரிடம் தன் வழக்கப்படி கத்திக் கேட்டார்:

"எப்ப எடுக்குறாக?"

ஒரு அடி அதில் போய்விட்டது. பத்துக் கை அவர் வாயைப் பொத்தியது. அப்புறம் இரண்டு அடி கேட்டது. அப்புறம் ஒரு ஆண் குரல், வெங்கடலட்சுமி என்று பெயர் சொன்னது. பொம்பளக் குரல் திருகில் வைத்திருந்தும் அது ஆண் குரலாகத்தான் கேட்டது. இவ்வளவுக்கும் அந்தப் பச்சைக் கண் முக்கால்வாசி திறந்தபடி எங்களையே வெறித்துக்கொண்டிருந்தது.

"கண்ணு மூடவே இல்லையேண்ணே" என்றார் நாகசுப்பிரமணியன். அழாக்குறை.

மறுநாள் அவர் போய்ச் சண்டை பிடித்து ஜோதிலிங்கத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஜோதிலிங்கம் பெட்டியைப் பார்த்தார், பின்னால் போகிற கம்பியைப் பார்த்தார், அதைப் பிடித்துக்கொண்டே கொல்லைக்குப் போனார். கம்பி நெடுக, சாயம் முக்கிய நூல் சிட்டங்கள் ஈரத்தோடு தொங்கிக்கொண்டிருந்தன. பாரம் தாங்காமல் கம்பி தொய்ந்து மதில் சுவரில் படுத்துவிட்டிருந்தது.

"மொதலாளி, இது ஏரியலு. பாட்டே இது வழியாத்தான் வருது. இதுல யாரு நூலு காயப்போட்டது?"

"கம்பியப் பத்தி நீரு ஒண்ணும் சொல்லலயே."

"அதப் போயி யாரு சொல்லுவா. கம்பிய இழுத்துக் கட்டுனேன்னு சொன்னா நீங்க பெட்டி வாங்குவீகளா?"

சிட்டங்கள் நல்ல அரக்குச் சிவப்பு. வெயில் படாமல் காற்று மட்டும் படுகிற நீளமான கம்பி ஒன்று சும்மா கிடந்தால் யாருக்குத்தான் கை வராது. யாருடையவை என்று அப்புறம் யாரும் விசாரிக்கவில்லை. நானும் ராத்திரியோடு ராத்திரியாக எடுத்துவிட்டேன்.

ஜோதிலிங்கம் சும்மா இருக்கவில்லை. அடுத்த வாரம் மல்லாங்கிணற்றிலிருந்து வந்த ஒருவருக்குப் பெட்டி காட்டும்போது, "அப்பனையும் மகளையும் சேத்து வச்ச கண்ணு இது" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். விற்றுவிட்டது.

அப்பய்யா கார்டு எழுதினார். எழுதி முடிக்க இரண்டு நாள். அதைத் தபால் பெட்டியில் போட என்னிடம் கொடுத்தனுப்பினார்கள். மடிக்காத கார்டைப் படிக்காமல் கொண்டு போக நான் என்ன துறவியா. இரண்டே வரி: 'கடைசியில் பாடியது நம் பாவுப் பாட்டு. நாலாவது அடியை விட்டுவிட்டாய்.'

நாலாவது அடியைச் சங்கரலிங்கம் தின்றுவிட்டார் என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். அப்பய்யாவுக்குத் தெரியாதா. காது பெட்டியில் இருந்தது, தெரியும். தெரிந்துதான் எழுதியிருக்கிறார். அந்த மனிதரால் அதைவிடக் கீழே இறங்கி எழுத முடியாது.

பதில் நாலாம் நாளே வந்தது. தபால்காரர் வாசலில் நின்று கத்தினார். 'விடவில்லை. பாடினேன். வந்து பாடிக் காட்டுகிறேன்.'

பங்குனிப் பொங்கலுக்கு முதல் நாள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். இடுப்பில் பிள்ளை. நாகசுப்பிரமணியன் வழியிலேயே மறித்து உள்ளே கூட்டிப் போய்க் கண்ணைக் காட்டினார். கம்பியை இழுத்துக் கட்டிய பிறகு திருச்சிக்கும் அது முக்கால் மூடியது. அந்தப் பெருமையும் சேர்ந்துகொண்டது. "நல்லாருக்கு மாமா. நாங்க பாடுற எடத்துல இப்படி ஒண்ணும் இல்ல" என்றாள் அவள். பிள்ளை மட்டும் அந்தப் பச்சையில் விரலை வைத்து அழுத்திப் பார்த்தது.

மறுபடி நான் என் ஜன்னலுக்கு வந்தேன். எதிர்வீட்டில் அப்பய்யா தறிக்குழியில் உட்கார்ந்திருந்தார். மகள் அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ராமலட்சுமி பேரனை வாங்கிக்கொண்டாள். வெங்கடலட்சுமியின் வாய் அசைந்தது. நாலாவது அடியாக இருக்கும். சரியாகத் தெரியவில்லை. தெருவில் மற்ற நாற்பத்தொரு தறியும் அடித்துக்கொண்டிருந்தன. ஜன்னல் கம்பியில் காதை வைத்தும் ஒரு சொல் எனக்கு எட்டவில்லை. அப்பய்யாவின் தறி மட்டும் நின்றிருந்தது.